கூட்டம் போகாத நாடுகள்

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பொதுப்பிரிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு. நம்மை முந்திக்கொண்டு நின்ற அந்த இரண்டு நாடுகளைப் பற்றியும் அப்போது நிறையப் பேசினோம். பேச்சு சதுரங்கப் பலகையைத் தாண்டவில்லை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற கேள்வி எழுந்தால் நம் வீடுகளில் வருகிற பெயர்கள் மாறுவதே இல்லை: சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய். சேமிப்பு கொஞ்சம் கூடியிருந்தால் பாரிஸ், சுவிட்சர்லாந்து.

உலகமும் இப்படித்தான் போகிறது. 2024இல் எல்லை தாண்டிய சுற்றுலாப் பயணங்கள் சுமார் 140 கோடி. அதில் ஏறத்தாழ 10 கோடி பிரான்ஸுக்கு மட்டும். அதே ஆண்டு வெனிஸ் நகரம், நெரிசல் மிகுந்த நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பார்சிலோனாவில் உள்ளூர் மக்கள் தண்ணீர்த் துப்பாக்கியோடு தெருவில் இறங்கி, உணவகங்களில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் மீது பீய்ச்சினார்கள். இன்னொரு பக்கம், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள மடாலயங்களும் கோயில்களும் கோட்டைகளும் ஆளரவம் குறைந்து கிடக்கும் நாடுகள் இருக்கின்றன. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

ஒரு நாட்டுக்குப் பயணிகள் போகாமல் இருப்பதற்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பது காரணமாக இருப்பது அபூர்வம். நேரடி விமானம் இருக்காது. புகழ்பெற்ற பக்கத்து நாடு எல்லா வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும். எப்போதோ முடிந்துபோன போரின் பெயரால் மட்டுமே அந்த நாட்டை நமக்குத் தெரிந்திருக்கும். அல்லது அதன் அரசு பல ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருக்கும். இந்தக் காரணங்களை ஒவ்வொரு நாடாக எடுத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது: எது அந்த நாட்டை ஒதுக்கி வைத்ததோ, பெரும்பாலும் அதுதான் அங்கே போய்ப் பார்க்க வேண்டியதும். நான் சொல்ல வருவது இதைத்தான். உலகத்து நாடுகளையெல்லாம் இங்கே அளந்துவிட முடியாது. எனக்கு மிக முக்கியமாகப் படுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லாவோஸிலிருந்து தொடங்கலாம். மேற்கே தாய்லாந்து, கிழக்கே வியட்நாம், தெற்கே அங்கோர்வாட்டை வைத்திருக்கும் கம்போடியா. இவற்றுக்கு நடுவே கடற்கரை இல்லாத மலைநாடு. மக்கள்தொகை முக்கால் கோடியை ஒட்டியது. பாங்காக்குக்கும் ஹனோய்க்கும் போகிறவர்கள் இதன் தலைக்கு மேலே பறந்துவிடுகிறார்கள். போகிறவர்களும் லுவாங் பிரபாங்கோடு திரும்பிவிடுவதுண்டு. மேகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் முனையில் அமைந்த அந்தப் பழைய தலைநகரம் 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சியெங் தோங் விகாரையின் கூரைகள் அடுக்கடுக்காகத் தரையை நோக்கித் தாழ்ந்து வருகிற அழகை நின்று பார்க்கலாம். நகரின் அரங்கில் லாவோஸின் இராமாயணத்தை ஆடுகிறார்கள். விடியற்காலையில் காவியுடை அணிந்த துறவிகள் வரிசையாக வந்து ஒட்டரிசிச் சோற்றைப் பிச்சையாக ஏற்பார்கள். இது இன்றும் உயிரோடிருக்கும் வழிபாடு. துறவியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் பயணிகளால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பக்கத் தெருவோரத்தில் பேசாமல் நின்று பார்ப்பதே நாம் காட்டக்கூடிய மரியாதை.

ஆனால் நம்மவர்கள் லாவோஸில் முதலில் போக வேண்டிய இடம் தெற்கே, சம்பாசக் மாகாணத்தில் இருக்கிறது. வாட் ஃபூ அங்கோர்வாட்டைவிடப் பழமையான தொடக்கம் கொண்ட சிவத்தலம். பின்னால் உயர்ந்து நிற்கும் மலையின் உச்சி இயற்கையாகவே லிங்க வடிவில் இருப்பதைக் கண்டு, பழைய கல்வெட்டுகள் அதை லிங்கபர்வதம் என்று குறித்தன. மலைப்பாறையில் ஊறும் சுனைநீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கருவறைக்குள் கொண்டுவந்து, இடைவிடாமல் லிங்கத்தின் மீது விழும்படி கெமெர் சிற்பிகள் அமைத்திருந்தார்கள். இன்று கருவறையில் புத்தர் இருக்கிறார், சுனை ஊறிக்கொண்டேயிருக்கிறது. அருகே கிடைத்த 5ஆம் நூற்றாண்டு வடமொழிக் கல்வெட்டில் தேவானீகன் என்ற அரசன் அங்கே குருக்ஷேத்திரம் என்ற பெயரில் ஒரு தீர்த்தத்தை ஏற்படுத்தியதாகச் செய்தி வருகிறது. கம்போடியாவுக்குப் போகிற கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வருவதில்லை. ஈழத்தலரி மரங்கள் நிழல் தரும் படிக்கட்டுகளில் ஏறி மேல் மட்டத்துக்குப் போனால் மேகாங் சமவெளி முழுவதும் கண்முன் விரியும்.

லாவோஸை ஒதுக்கி வைத்த இன்னொரு காரணம் போர். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை இந்தச் சின்ன நாட்டின் மீது கொட்டின. ஒன்பது ஆண்டுகளுக்கு, சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே அதிகமாகக் குண்டுவீசப்பட்ட நாடு இதுதான். கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகளில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. தலைநகர் வியந்தியானில் உள்ள 'கோப்' மையத்தில், அவற்றால் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்து தருவதை விளக்கும் காட்சிக்கூடம் இருக்கிறது. சியெங் குவாங் பகுதியில், இரும்புக் காலத்தைச் சேர்ந்த பிரமாண்டமான கல்தாழிகள் வெட்டவெளியில் சிதறிக் கிடக்கும் 'ஜாடிச் சமவெளி' இருக்கிறது. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தாழிகளுக்கு இடையே குண்டுப் பள்ளங்கள். நடைவழியில் சிறு குறிக்கற்கள் பதித்திருக்கிறார்கள்: வெள்ளைப் பக்கம் முழுதும் சோதித்து முடித்த நிலம், சிவப்புப் பக்கம் அப்படி முடிக்காதது. பக்கத்துக் கிராமமான பான் நாபியாவில் குண்டுகளின் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். போர் நடந்த நாடு என்று விலகிப் போகிறவர்கள், போருக்குப் பின் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

போக்குவரத்து பழைய சாக்குதான். 2021 டிசம்பரில் சீன எல்லை வரை ரயில் பாதை திறந்தபின், மலைச்சாலையில் நாளில் பெரும்பகுதியைத் தின்ற வியந்தியான் - லுவாங் பிரபாங் பயணம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஓர் எச்சரிக்கை மட்டும்: 2024 நவம்பரில் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். யாரும் இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் சாராயத்தைத் தொடக் கூடாது.

பக்கத்து நாட்டின் நிழல் என்றேனே, அதற்கு ஓமானைவிட நல்ல சான்று கிடையாது. துபாயின் கோபுரங்களைப் பார்க்க லட்சக்கணக்கில் போகிறோம். அங்கிருந்து சில மணி நேரத்தில் காரிலேயே போய்விடக்கூடிய ஓமானை வேலைக்குப் போகிற நாடாக மட்டும் வைத்திருக்கிறோம். எண்ணற்ற தமிழ்க் குடும்பங்களில் மஸ்கட்டில் வேலை பார்த்தவர் ஒருவராவது உண்டு. அவரைப் பார்க்க யாரும் போனதில்லை, அவருக்கும் ஊர் சுற்ற நேரம் கிடைத்ததில்லை. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதும் தார்ச்சாலை 10 கிலோமீட்டர்தான், பள்ளிகள் மூன்று. அதன்பிறகு வேகமாக வளர்ந்தபோதும் வானளாவும் கட்டடங்களை மஸ்கட்டில் அனுமதிக்கவில்லை. வெள்ளைச் சுவர் வீடுகளும் பின்னால் கரடுமுரடான பாறைக்குன்றுகளுமாக அந்த நகரம் தன் முகத்தைக் காத்துக்கொண்டது.

ஓமானின் உண்மையான அதிசயம் ஃபலஜ் என்ற நீர்வழிகள். மலையடியில் நிலத்தடி நீரைத் தொட்டு, எந்த இயந்திரமும் இல்லாமல் சரிவை மட்டும் நம்பிப் பல கிலோமீட்டர் கொண்டுவந்து ஊருக்குள் ஓடவிடுகிறார்கள். இன்றும் சுமார் 3,000 ஃபலஜ்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ ஏற்றது. ஊருக்குள் நுழையும் தண்ணீர் முதலில் குடிப்பதற்கு, பிறகு பள்ளிவாசலுக்கு, பிறகு குளிக்கவும் துவைக்கவும், கடைசியில் பேரீச்சந் தோப்புகளுக்கு. தோப்புகளுக்குப் பங்கு நேரக் கணக்கில். பகலில் நிழற்கடிகாரத்தைப் பார்த்தும் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தும் மடை மாற்றினார்கள். முறைவைத்து ஏரித் தண்ணீர் பாய்ச்சிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நிஸ்வா அருகே ஃபலஜ் தாரிஸின் கரையில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. வறட்சிதான் அந்த நாட்டை யாரும் கவனிக்காத பாலையாக வைத்திருந்தது, அந்த வறட்சிதான் இந்த நுட்பத்தையும் கற்றுக்கொடுத்தது.

நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை காலை ஆட்டுச் சந்தை. ஜெபல் அக்தர் மலையில் ஏப்ரல், மே மாதங்களில் ரோஜா பறித்துப் பன்னீர் காய்ச்சுவார்கள். ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் இரவில் பேராமைகள் முட்டையிட ஏறி வரும். தெற்கே தோஃபார் முற்றிலும் வேறு உலகம். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று அந்த ஒரு பகுதியை மட்டும் தொட்டுச் செல்வதால் சலாலா மலைகள் தூறலும் மூடுபனியும் பச்சையுமாக மாறிவிடும். சாலையோரம் தென்னையும் வாழையும். குந்திரிக்க மரங்கள் வளர்வதும் இங்கேதான். அந்தப் பிசினை ஏற்றுமதி செய்த பழந்துறைமுகமான சும்ஹுரம், கோர் ரோரி என்ற உப்பங்கழியின் கரையில் இடிபாடாக நிற்கிறது. இத்தாலிய அகழாய்வாளர்கள் அங்கே கண்டெடுத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று பொறித்திருந்தது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கீரன் போய் நின்ற துறை. துபாய் வரை போகிற நாம் அவ்வளவு தூரம் போகாமலிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்தது ஆர்மீனியா. இந்த ஆய்வில் எனக்கு மிக நெருக்கமான நாடு. மக்கள்தொகை சுமார் 30 லட்சம். நான்கு அண்டை நாடுகளில் துருக்கியோடும் அஜர்பைஜானோடும் எல்லை பல பத்தாண்டுகளாக மூடிக் கிடக்கிறது. ஜார்ஜியா வழியாகவோ ஈரான் வழியாகவோதான் தரையில் நுழைய முடியும். தங்கள் அடையாளமாக ஆர்மீனியர்கள் கொண்டாடும் அராரத் மலை தலைநகர் யெரெவானிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது இருப்பது துருக்கியில். கி.பி. 301இல் கிறித்தவத்தை அரச சமயமாக ஏற்றதாக மரபு சொல்லும் நாடு. 405இல் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற துறவி அவர்கள் மொழிக்கு எழுத்துகளை உருவாக்கினார். பாரசீகம், பைசாந்தியம், அரபு, மங்கோல், உஸ்மானியம், ரஷ்யம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த பேரரசுகளுக்கு நடுவே எழுத்தையும் கல்லையும் பிடித்துக்கொண்டு நிலைத்தவர்கள்.

யெரெவானின் மதேனதாரான் சுவடிக்கூடத்துக்குப் போகாமல் அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகளுக்கு நடுவே 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய, ஏறத்தாழ 28 கிலோ எடையுள்ள பெரிய தோல் சுவடி ஒன்று இருக்கிறது. மூஷ் நகரத்துப் பிரசங்கத் தொகுப்பு. உஸ்மானியப் பேரரசில் நடந்த 1915 ஆர்மீனிய இனப்படுகொலையின்போது பாழாகிக் கிடந்த மடாலயத்தில் இரண்டு பெண்கள் இதைக் கண்டார்கள். ஒருவரால் தூக்க முடியாது என்பதால் இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்துகொண்டு ஓடினார்கள். ஒரு பாதி எச்மியாட்ஜின் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றதைச் சுமந்தவர் அதை வழியில் ஒரு மடாலயத்தில் புதைத்து வைத்தார். பிற்காலத்தில் அதுவும் கிடைத்து, இரண்டும் ஒன்று சேர்ந்தன. உயிர் தப்ப ஓடுகிறவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று யோசிக்காமல் இருக்க முடியாது. படுகொலையில் இறந்தவர்களுக்கான நினைவிடம் சித்செர்னகாபெர்ட் குன்றின் மீது, அதே நகரத்தில்.

நகரை விட்டு வெளியே வந்தால் மடாலயங்கள். கெகார்ட் மடாலயத்தின் சில பகுதிகளை மலைப்பாறையைக் குடைந்தே ஆக்கியிருக்கிறார்கள். மாமல்லபுரம், பிள்ளையார்பட்டி குடைவரைகளைப் பார்த்த கண்ணுக்கு உளி வேலையின் அருமை உடனே பிடிபடும். தெற்கே ததேவ் மடாலயத்துக்குப் பள்ளத்தாக்கின் மேலாக 5.7 கிலோமீட்டர் நீளக் கம்பிவட ஊர்தி 2010 முதல் ஓடுகிறது. அரெனி குகையில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய திராட்சை மது ஆலையும் ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய தோல் செருப்பும் கிடைத்தன. வடக்கே சனாஹின், ஹக்பாத் என்று இரண்டு மடாலயங்கள், எதிரெதிர் மலைத்தட்டுகளில். சனாஹின் கிராமத்தில் பிறந்தவர்தான் ஆர்தெம் மிகோயான்; நம் விமானப்படை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பறக்கவிடும் மிக் விமானங்களின் பெயரில் முதல் எழுத்துகள் அவர் பெயரிலிருந்து வந்தவை. மடாலயத்துக்குப் போகும் வழியில் அவரது நினைவு அருங்காட்சியகம், முன்னால் ஒரு மிக் விமானத்தோடு.

இவற்றையெல்லாம்விட நமக்கு நெருக்கமான செய்தி சென்னையிலேயே இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது யெரெவானில் அல்ல, மதராஸில். அதை நடத்திய ஹரூத்யூன் ஷ்மாவோனியான் பாதிரியாரின் கல்லறை, பாரிமுனை அருகே அரண்மனைக்காரன் தெருவில் 1772ஆம் ஆண்டின் ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய பாலத்தைக் கட்டியவரும் பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சொந்த நாடு இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கான அரசியலமைப்பை 18ஆம் நூற்றாண்டு மதராஸில் உட்கார்ந்து எழுதி அச்சிட்டார்கள். அந்த நாடு இப்போது இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படிக்கும் மாணவர்கள்தான்.

போரின் தடம் இங்கேயும் உண்டு. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் கைப்பற்றிய நகோர்னோ-கராபாகிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வெளியேறி வந்தார்கள். அவர்கள் மண்ணின் உணவு ஜிங்க்யாலோவ் ஹட்ஸ்: பத்துப் பதினைந்து வகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கி உள்ளே வைத்துச் சுடும் ரொட்டி. யெரெவானில் இன்று பல கடைகளில் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்கள் அதை நம்பியே பாதிப் பயணத்தை ஓட்டலாம்.

உஸ்பெகிஸ்தானை நான் சுருக்கமாகச் சொல்லக் காரணம், அது இந்தப் பட்டியலிலிருந்து வேகமாக வெளியேறிக்கொண்டிருப்பதுதான். 2016க்குப் பிறகு விசா விதிகளைத் தளர்த்தினார்கள். தலைநகர் தாஷ்கெண்டிலிருந்து சமர்கண்டுக்கு அதிவேக ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் மூன்று மதரசாக்கள் நீல ஓடுகளில் மின்னுவதைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். அதைக் காட்டிலும் என்னை ஈர்ப்பது ஊரின் ஓரத்தில் உள்ள உலுக் பெக்கின் வானாய்வகம். தைமூரின் பேரன், அரசனாக இருந்துகொண்டு 1,018 நட்சத்திரங்களின் இடங்களைக் கணித்து அட்டவணை செய்தவர். 1449இல் அவர் கொல்லப்பட்ட பின் ஆய்வகமும் அழிந்தது. சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள அளவுகோலின் நிலத்தடிப் பகுதியை 1908இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். தாஷ்கெண்டில் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11 அதிகாலையில் இறந்தார். அவர் பெயரில் அங்கே ஒரு தெரு உண்டு.

கடலை எட்ட இரண்டு நாடுகளைத் தாண்டவேண்டிய நாடு இது. உலகில் லிச்சென்ஸ்டைனைத் தவிர வேறெதற்கும் இந்த நிலை இல்லை. அந்தத் தொலைவு ஓர் அரிய செல்வத்தைக் காப்பாற்றியது. மேற்குக் கோடியில் நுகுஸ் என்ற பாலைவன ஊரில் ஓவியர் இகோர் சவித்ஸ்கி 1966இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். சோவியத் அரசு வெறுத்து ஒதுக்கிய நவீன ஓவியங்களை ஓவியர்களின் வீடுகளிலிருந்தும் அவர்களுடைய விதவைகளிடமிருந்தும் ஆயிரக்கணக்கில் திரட்டிக் கொண்டுவந்தார். மாஸ்கோவின் கண் எட்டாத ஊர் என்பதால் அவை பிழைத்தன. அங்கிருந்து வடக்கே போனால் மொய்னாக்: பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஆரல் கடல் பின்வாங்கி, மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கும் முன்னாள் துறைமுகம். கிவா, புகாரா என்று சுற்றுலா நிறுவனங்கள் அழைத்துப் போகும் ஊர்களோடு இந்த இரண்டையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயணிகள் வரத் தொடங்கியபின் நடக்கும் கெடுதலுக்கும் இதே நாடு சான்று. தைமூர் பிறந்த பகுதியான ஷஹ்ரிசப்ஸில் பழைய குடியிருப்புகளை இடித்துப் பூங்காவும் நடைபாதையுமாக்கினார்கள். யுனெஸ்கோ 2016இல் அந்த ஊரை அபாயப் பட்டியலில் சேர்த்தது. பயணிகளுக்கு அழகாகக் காட்டப்போய், காட்ட வேண்டியதையே தொலைத்தார்கள்.

அல்பேனியாவின் கதை இன்னும் வேகமானது. கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சியில் வெளியுலகமே தெரியாமல் கிடந்த நாடு. 1967இல் எல்லா வழிபாட்டிடங்களையும் மூடியது. படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட காங்கிரீட் பதுங்கு அறைகளை வயல்களிலும் கடற்கரைகளிலும் நட்டுவைத்தது. 2023இல் 24 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டுக்கு ஒரு கோடிப் பேர் வந்தார்கள். கடற்கரை ஊர்கள் இனி ஒதுக்குப்புறம் இல்லை. ஆனால் பெராத், ஜிரோகாஸ்தர் ஆகிய உஸ்மானியக் கால மலைநகரங்கள் இன்னும் நின்று நிதானமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் ஐரோப்பா முழுதும் யூதர்களை வேட்டையாடியபோது, விருந்தாளியைக் காப்பது குடும்ப மானம் என்று நம்பிய அல்பேனிய முஸ்லிம் குடும்பங்களும் கிறித்தவக் குடும்பங்களும் அவர்களை வீட்டில் வைத்துக் காத்தன. போர் முடிந்தபோது அங்கே தொடக்கத்தைவிட அதிக யூதர்கள் இருந்தார்கள்.

ஆப்பிரிக்கா என்றதும் கென்யா, தென்னாப்பிரிக்கா, எகிப்து என்று மூன்று பெயர்களில் முடித்துக்கொள்கிறோம். நமீபியா விடுபடுகிறது. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. மக்கள் 30 லட்சத்தை ஒட்டி. சோசுஸ்வ்லெய் பகுதியில் 300 மீட்டர் உயரச் செம்மணல் மேடுகள், கடல்வரை ஓடும் நமீப் பாலை, இரண்டே இலைகளோடு நூற்றாண்டுகள் வாழும் வெல்விட்சியா. இவ்வளவுக்கும் மேலாக, அங்கே வனவிலங்குச் சுற்றுலா நடக்கும் முறை உலகத்துக்கே பாடம். 1996 சட்டம் கிராமச் சமூகங்களே தங்கள் நிலத்து விலங்குகளைக் காக்கவும் அதிலிருந்து வரும் வருவாயை எடுத்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தது. பயணி தரும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்ப் பள்ளிக்கும் கிணற்றுக்கும் போகிறது. அதே மண்ணில் 1904 முதல் 1908 வரை ஜெர்மானியப் படை ஹெரெரோ, நாமா மக்களை அழித்தது. லூடெரிட்ஸ் ஊரின் ஷார்க் தீவில் அவர்களை அடைத்துச் சாகவிட்ட முகாம் இருந்தது. மணல்மேட்டைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். செலவு அதிகம், தூரங்கள் பெரியவை, நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது அவசியம்.

எத்தியோப்பியாவை இப்போது பரிந்துரைக்க முடியாதது எனக்கு உண்மையான இழப்பு. லலிபெலாவில் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய பதினொரு தேவாலயங்கள் உள்ளன. எல்லோரா கைலாசநாதரை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அளவு புரியும். புதன், வெள்ளிகளில் மக்கள் நோன்பிருப்பதால் பால்கூடச் சேராத பருப்பு, காய்கறி உணவு எங்கும் கிடைக்கும். ஒரு தலைமுறைக்கு முன் அங்கே பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களில் இந்திய ஆசிரியர்கள் ஏராளம். ஆனால் லலிபெலா இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023 முதல் சண்டை. முடிந்துபோன போரைக் காட்டி ஒரு நாட்டை ஒதுக்குவது தவறு என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். நடக்கும் போரைச் சின்னதென்று சொல்லி யாரையும் அனுப்பவும் கூடாது. அமைதி திரும்பினால் அந்த நாடு இந்த வரிசையின் முன்னால் வந்து நிற்கும்.

போக முடிவு செய்தவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். லாவோஸ், ஓமான், ஆர்மீனியா, உஸ்பெகிஸ்தான் நான்குக்கும் இந்தியர்கள் இணையத்தில் விசா கேட்க வழி இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துவிட்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். லாவோஸுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச், ஏப்ரலில் காட்டுக்கு வைக்கும் தீயின் புகை மலைகளை மூடிவிடும். அங்கே குழம்பிலெல்லாம் மீன் ஊறல் சேரும் என்பதைச் சைவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உஸ்பெகிஸ்தானில் இறைச்சி இல்லாத சாப்பாடு கிடைப்பது சிரமம். ஆனால் தந்தூர் அடுப்பில் சுட்ட ரொட்டியும் முலாம்பழமும் திராட்சையும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபரில் போகலாம். ஓமானுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. சலாலா பச்சையாக இருப்பதைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட்.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஓமான்தான் என் முதல் தேர்வு. சாலைகள் நன்றாக இருக்கும், இட்லி தோசை கிடைக்காத ஊர் குறைவு. கையில் பணம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் உள்ள இளைஞர்கள் லாவோஸுக்குப் போகட்டும். வடக்கே லுவாங் பிரபாங்கில் தொடங்கித் தெற்கே வாட் ஃபூ வரை இறங்கி வரட்டும். ஒரே ஒரு நாட்டுக்குத்தான் போக முடியும் என்பவரிடம் ஆர்மீனியா என்று சொல்வேன். யெரெவானிலேயே தங்கி ஒரு நாள் சுற்றுலாக்களில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். வடக்கே தேபெத் பள்ளத்தாக்கில் இரண்டு இரவுகள் தங்கினால், சனாஹினை மாலையிலும் ஹக்பாத்தை மறுநாள் காலையிலும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.